லெகோ கட்டையில் அறிவியல், பொறியியல் சிற்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள கேள்விகளை நான் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. என் மேஜையில் இருக்கும் மாடல்களைப் பார்த்தவர்கள், புதிதாகக் கட்டத் தொடங்கியவர்கள், பிள்ளைக்கு வாங்கித் தந்துவிட்டுத் தானே அதில் விழுந்த அப்பாக்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவை. கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறேன். எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

1. இது பொம்மைதானே? இதைப் போய் சிற்பம்னு சொல்றீங்க?

கட்டை பொம்மைக்காகச் செய்ததுதான், சந்தேகமில்லை. டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1932இல் மரச் சாமான்களும் மரப் பொம்மைகளும் செய்யத் தொடங்கிய நிறுவனம் லெகோ. மேலே குமிழ், உள்ளே குழாய் என்று இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு அவர்கள் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1958 ஜனவரி 28ஆம் தேதி. அந்த உள்குழாய்தான் விஷயமே. அது வந்த பிறகுதான் கட்டைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தன. பிடிப்பு வந்ததும் பெரிதாகக் கட்டும் துணிச்சலும் வந்தது.

இந்தப் பக்கத்தில் பேசப்போவது மூன்று வகை. முதல் வகை ஒரு கருவியின் உருவத்தை மட்டும் காட்டும்: ராக்கெட், துகள் கண்டறியும் கருவி, பாலம். இரண்டாவது வகை அதன் இயக்கத்தைச் செய்து காட்டும்: பல்சக்கரம் சுற்றும், கணக்கு வரும். மூன்றாவது வகை நிஜமாகவே எதையாவது அளக்கும். கட்டை ஒன்றே என்றாலும் இவை மூன்றும் மூன்று வேலைகள். எதைக் கட்டப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யாமல் தொடங்குகிறவர்கள் நடுவழியில் நிற்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கீழே உள்ள பாதிப் பதில்கள் இந்த முடிவைப் பொறுத்து மாறும்.

2. லெகோவேதான் வேணுமா? கடையில கிடைக்கிற மத்த கட்டை போட்டா ஆகாதா?

தாராளமாகப் போடலாம். அடிப்படைக் கட்டையின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. அந்த வடிவத்தையே வணிகச் சின்னமாகக் காப்பாற்ற லெகோ எடுத்த முயற்சியை ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் ஏற்கவில்லை. அதனால் பொருந்தும் கட்டைகளை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அடுத்தவரின் மாடலையும் பெட்டியையும் அப்படியே நகலெடுத்து விற்பது வேறு சங்கதி.

வேறுபாடு அளவுத் துல்லியத்தில் இருக்கிறது. பத்து கட்டை உயரத்தில் அது தெரியாது, நூறு கட்டை உயரத்தில் தெரியும். கண்ணுக்குத் தெரியாத உட்பகுதிக்கு மலிவான கட்டை, வெளிப்பகுதிக்கும் பல்சக்கரம் சுற்றும் இடத்துக்கும் நல்ல கட்டை என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரே அடுக்கில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் நல்லது.

3. ஒரு கட்டையோட அளவு என்ன? அதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்?

ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ. கட்டையின் உயரம், குமிழைச் சேர்க்காமல், 9.6 மி.மீ. பிளேட் எனப்படும் மெல்லிய கட்டையின் உயரம் அதில் மூன்றில் ஒன்று, அதாவது 3.2 மி.மீ. இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

இதிலிருந்து கிடைக்கும் முக்கியமான சமன்பாடு: ஐந்து பிளேட் அடுக்கினால் 16 மி.மீ.; இரண்டு குமிழ் அகலமும் 16 மி.மீ. கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தாலும் இடைவெளி இல்லாமல் பொருந்துவது இதனால்தான். குமிழ் மேலே பார்க்க வேண்டும் என்ற கட்டாயத்தை உடைத்துக் கட்டும் முறைகள் எல்லாமே இந்த 5க்கு 2 கணக்கில் நிற்பவை.

4. எந்த ஸ்கேல்ல கட்டறதுன்னு எப்படி முடிவு பண்றது?

பெரும்பாலானவர்கள் மேஜையின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். நான் வேறு கேள்வியிலிருந்து தொடங்குவேன்: காட்டியே தீர வேண்டிய மிகச் சிறிய பாகம் எது? அது ஒரு குமிழுக்குக் குறையாமல் வரும்படி ஸ்கேலை வைத்தால் மற்றவை தாமே அமையும்.

நல்ல உதாரணம் அட்லஸ். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் நிலத்துக்கு நூறு மீட்டர் அடியில் இருக்கும் துகள் கண்டறியும் கருவி அது. நீளம் 46 மீட்டர், விட்டம் 25 மீட்டர், எடை 7,000 டன். கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் நிறுவனத்தில் இருந்த இயற்பியலாளர் சாஷா மேல்ஹாசே 2011இல் இதை 1:50 ஸ்கேலில் கட்டினார். சுமார் 9,500 கட்டைகள். நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்த ஸ்கேலில் ஒரு குமிழ் என்பது நிஜத்தில் 40 செ.மீ. ஆகவே உள்ளே இருக்கும் நுண்ணிய சிலிக்கான் உணரிகளை அவர் காட்டவே முடியாது. ஆனால் அட்லஸை அட்லஸ் என்று அடையாளம் காட்டும் எட்டு மாபெரும் காந்தச் சுருள்களும், வெங்காயத் தோல்போல் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் அடுக்குகளும் தெளிவாக வந்துவிடும். ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக் கட்டியதால் உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

2017இல் லெகோவே வெளியிட்ட சாட்டர்ன் 5 ராக்கெட் 1:110. 110 மீட்டர் ராக்கெட் ஒரு மீட்டருக்கு வந்தது. அதில் ஒரு குமிழ் 88 செ.மீ. கட்டைகளின் எண்ணிக்கை 1,969. நிலவில் இறங்கிய ஆண்டையே எண்ணிக்கையாக வைத்தார்கள். அதற்காக எத்தனை கட்டையைக் கூட்டிக் குறைத்தார்களோ!

5. கட்டை சதுரமா இருக்கு, உருண்டை எப்படி வரும்?

இரண்டு வழி. பெரிய உருவம் என்றால் படிப்படியாக உள்வாங்கிக் கட்டுவது. தள்ளி நின்று பார்த்தால் கண் அதை வளைவாக எடுத்துக்கொள்ளும். சின்னக் கோளம் என்றால் அது எடுபடாது. அதற்கு புரூஸ் லோவெல் என்பவர் பிரபலப்படுத்திய முறை இருக்கிறது. நடுவில் ஆறு பக்கமும் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கனசதுரம் செய்துகொள்ள வேண்டும். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே மாதிரி வளைந்த மூடியைப் பொருத்தினால் ஆறும் சேர்ந்து கோளமாகிவிடும். மூடிகளின் ஓரம் ஒன்றோடொன்று சரியாகச் சேர்வதற்குக் காரணம் 3ஆம் பதிலில் சொன்ன அந்த 5க்கு 2 கணக்கு.

கோள்களின் மாடல், மூலக்கூறு மாடல் இரண்டுக்கும் இது போதும்.

6. பசை போட்டு ஒட்டலாமா?

பொது இடங்களில் வைக்கும் பெரிய சிற்பங்களைப் பெரும்பாலும் ஒட்டித்தான் வைக்கிறார்கள். சில பெரியவற்றுக்குள் எஃகுச் சட்டமே இருக்கும். 2013இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டைகளோடு நின்ற விண்கலத்தின் உள்ளேயும் எஃகுதான் எடையைத் தாங்கியது. கூட்டம் கூடும் இடத்தில் அது நியாயம்.

வீட்டில் கட்டுவதற்கு நான் பசைக்கு எதிரி. ஒட்டிய கட்டையில் திருத்தம் கிடையாது. இயங்கும் மாடலில் திருத்தம்தான் பாதி வேலை. பசை இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 15ஆம் கேள்வியைப் பாருங்கள்.

7. ரொம்ப உயரமா கட்டினா அடிக்கட்டை நசுங்கிடாதா?

நசுங்காது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 2012இல் இதைச் சோதித்தார்கள். நான்கு குமிழ் உள்ள சதுரக் கட்டையை இயந்திரத்தில் வைத்து அழுத்தியபோது சராசரியாக 4,240 நியூட்டன் வரை தாங்கியது. ஏறக்குறைய 430 கிலோ எடை. அந்தக் கணக்கின்படி 3,75,000 கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அடிக்கட்டை தோற்கும். உயரம் சுமார் மூன்றரை கிலோமீட்டர்!

ஆனால் அதற்கு ரொம்ப முன்பே கோபுரம் வளைந்து சாய்ந்துவிடும். நம் மாடல்கள் விழுவது நசுங்கியல்ல; பக்கவாட்டில் வளைந்தோ, இழுவிசையில் குமிழ் கழன்றோதான். கட்டை அழுத்தத்தில் பலசாலி, இழுவையில் பலவீனன். அதனால் செங்கல் சுவர் கட்டும் கொத்தனார் செய்வதைத்தான் செய்ய வேண்டும்: ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேரே வரக்கூடாது. நீளமான தொங்கும் பாகங்களுக்கு மேலும் கீழும் நீள பிளேட்டால் பூட்டுப் போடுங்கள்.

8. நம்ம ஊர் வெயிலுக்கு இது தாங்குமா?

கட்டை ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக். 1963இலிருந்து அதுதான். அதற்கு முன் பயன்படுத்திய செல்லுலோஸ் அசிட்டேட் நாளடைவில் முறுக்கிக்கொள்ளும். ஏ.பி.எஸ். இளகுவது ஏறக்குறைய 100 டிகிரிக்கு மேல். அறைச் சூட்டில் உருகாது. ஆனால் கழுவும்போது 40 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் விட்டுவிடாதீர்கள்.

உண்மையான பகை வெளிச்சம்தான். வெள்ளை, சாம்பல், நீலம் எல்லாம் புற ஊதாக் கதிர் பட்டு மஞ்சளாகும். ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். அப்புறம், ஒரு மீட்டர் நீளமுள்ள மாடல் இரவுக்கும் பகலுக்கும் 15 டிகிரி வித்தியாசத்தில் ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகமாக நீளும், சுருங்கும். உருவ மாடலுக்கு இது பொருட்டில்லை. இரு முனையிலும் இறுக்கிப் பூட்டிய நீண்ட அச்சு இருந்தால் ஒரு முனையைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள்.

9. இதுக்கு எவ்வளவு செலவாகும்?

நிறைய. மேல்ஹாசேயின் அட்லஸுக்குக் கட்டைக்கு மட்டும் ஏறக்குறைய 2,000 யூரோ ஆனது. அதை அவர் பணியாற்றிய ஆய்வுக் குழு ஏற்றுக்கொண்டது. நமக்கு அப்படி யாரும் இல்லை என்பதால், முதலில் கணினியில் கட்டுங்கள். எல்டிரா என்ற இலவசக் கட்டை நூலகம் 1995இலிருந்து இருக்கிறது. ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் எந்தக் கட்டை எத்தனை வேண்டும் என்ற பட்டியலையே தரும். பட்டியல் கையில் வந்த பிறகு உதிரியாக வாங்கலாம்; பிரிக்லிங்க் போன்ற சந்தைகளில் பழைய கட்டையும் கிடைக்கும்.

நிறத்தில் பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஒரே கட்டை ஒரு நிறத்தில் மலிவாகவும் இன்னொரு நிறத்தில் பல மடங்கு விலையாகவும் இருக்கும். அட்லஸைக் கணினியில் வடிவமைக்க ஆன நேரம், கையால் கட்ட ஆன நேரத்தைவிட அதிகம். அந்த விகிதம்தான் சரி என்பது என் கட்சி.

10. சுத்துற மாதிரி, ஓடுற மாதிரி கட்டணும்னா எங்கே ஆரம்பிக்கணும்?

1977இல் வந்த டெக்னிக் வரிசையில் ஆரம்பிக்க வேண்டும். ஓட்டை உள்ள கட்டை, அச்சு, பின், பல்சக்கரம் எல்லாம் அதில் உண்டு. சாதாரண நேர்ப் பல்சக்கரங்களில் முக்கியமானவை 8, 16, 24, 40 பற்கள் கொண்டவை. பல் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் அதன் ஆரம் மி.மீ.யில் கிடைக்கும். எட்டுப் பல்லுக்கு 4 மி.மீ.; நாற்பதுக்கு 20. இரண்டு சக்கரங்களின் ஆரங்களையும் கூட்டினால் அச்சுகளுக்கு இடையே வேண்டிய தூரம். 8ம் 24ம் சேர்ந்தால் 16 மி.மீ., அதாவது இரண்டு குமிழ். 8ம் 40ம் என்றால் மூன்று குமிழ். 24ம் 40ம் என்றால் நான்கு. ஆனால் 16ம் 24ம் சேர்ந்தால் 20 மி.மீ., அதாவது இரண்டரைக் குமிழ். நேராக வைத்தால் பொருந்தாது. அரைக் குமிழ் நகர்த்தும் பாகம் தேவை.

செங்குத்தாக வைக்கும்போது இன்னொரு சிக்கல். கட்டை உயரம் 9.6, குமிழ் தூரம் 8. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த ஓட்டைக் கட்டைகளில் பல்சக்கரம் சேராது. நடுவில் இரண்டு பிளேட் செருகுங்கள்: 9.6ம் 6.4ம் சேர்ந்து 16. இந்த ஒரு தந்திரம் தெரியாமல் பலர் டெக்னிக்கையே கைவிட்டிருக்கிறார்கள்.

11. மோட்டார் சுத்துது, ஆனா கடைசிச் சக்கரம் அசையவே மாட்டேங்குது. ஏன்?

முதலில், அது நிஜமாகவே அசையவில்லையா என்று பாருங்கள். 8க்கு 40 என்பது ஐந்தில் ஒரு பங்கு வேகம். அப்படிப் பத்து கட்டங்கள் தொடர்ந்து வைத்தால் முதல் அச்சு 97,65,625 முறை சுற்றினால்தான் கடைசி அச்சு ஒரு முறை சுற்றும். முதல் அச்சு நொடிக்கு ஒரு சுற்று போனாலும் கடைசிச் சுற்று முடிய 113 நாள்.

அது காரணமில்லை என்றால் உராய்வும் பல் இடைவெளியும்தான். ஒவ்வொரு ஜோடி பல்லுக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். திசை மாறும்போது எல்லா ஆட்டமும் சேர்ந்து கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். வேகத்தைக் கூட்டும் வரிசை என்றால் நிலைமை தலைகீழ்: உராய்வு ஒவ்வொரு கட்டத்திலும் பெருகி மோட்டாரையே நிறுத்திவிடும். அச்சின் இரு பக்கமும் தாங்கல் கொடுங்கள். சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே முடி அளவாவது இடம் விடுங்கள்.

12. பழைய கிரேக்கக் கணினியை லெகோவுல கட்டினாங்களாமே, அது எப்படி?

அந்திகிதேரா கருவியைச் சொல்கிறீர்கள். கிரேக்கத் தீவான அந்திகிதேரா அருகே கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. வெண்கலப் பல்சக்கரங்கள் 30 எஞ்சியிருக்கின்றன. சூரியன், சந்திரன் இருப்பிடத்தையும் கிரகண காலத்தையும் கைப்பிடி சுற்றிக் கணக்கிட்ட கருவி. ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளரான ஆண்ட்ரூ கரோல் 2010இல் இதே வேலையைச் செய்யும் கருவியை டெக்னிக் பாகங்களில் கட்டினார். அதற்கு முன் சார்லஸ் பாபேஜின் வித்தியாசப் பொறி என்ற பழைய கணக்கிடும் இயந்திரத்தையும் அவர் லெகோவில் கட்டியிருந்தார்.

அவர் கட்டியது உருவ நகல் இல்லை. வெண்கலக் கருவியின் தோற்றம் அதில் துளியும் கிடையாது. கணக்குதான் ஒன்று. 1ஆம் பதிலில் சொன்ன இரண்டாவது வகைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

13. அந்தக் கருவியில 223 பல் இருக்கிற சக்கரம் உண்டே. லெகோவுல அப்படிச் சக்கரமே கிடையாதே?

சரியான கேள்வி. கிரகணங்கள் 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்பி வருவதால் அந்த எண் அவர்களுக்குத் தேவைப்பட்டது. 19 ஆண்டில் சந்திரன் வானத்தை 254 முறை சுற்றுகிறது. அதற்காக 127 பற்கள் கொண்ட சக்கரமும் வைத்தார்கள். இரண்டும் பகா எண்கள். வெண்கலத் தகட்டில் அரம் கொண்டு எத்தனை பல் வேண்டுமானாலும் வெட்டலாம். நமக்கோ 8, 16, 24, 40 தான். இவற்றைப் பெருக்கி வகுத்து என்ன செய்தாலும் 2, 3, 5 தவிர வேறு பகாக் காரணி வராது.

பெருக்கலில் முடியாததைக் கூட்டலில் செய்யலாம். கார்களின் பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியல் லெகோவிலும் உண்டு. இரண்டு பக்க அச்சுகளின் சுற்றுகளைக் கூட்டிப் பாதியாக்கி நடுக்கூண்டில் தரும் அது. இப்போது பாருங்கள்: 127 என்பது 125ம் 2ம். 125 என்பது 5 × 5 × 5, அதாவது 8க்கு 40 ஜோடி மூன்று. ஒரு பக்கம் 125 மடங்கு, மறுபக்கம் 2 மடங்கு கொடுத்தால் கூண்டு அறுபத்து மூன்றரை மடங்கு சுற்றும். அதை இரட்டிப்பாக்கினால் 127. அதேபோல 223 என்பது 225இலிருந்து 2 குறைவு. 225 என்பது 15 × 15. ஒரு பக்கத்தை எதிர்த்திசையில் சுற்ற விட்டால் கூட்டல் கழித்தலாகிவிடும்.

இது எண்ணைப் பிடிக்கும் வழியை விளக்க நான் போட்ட கணக்கு. கட்டும்போது 11ஆம் பதிலை மறக்காதீர்கள். வேகத்தைக் கூட்டும் திசையில் இதை ஓட்டினால் நின்றுவிடும். விகிதத்தைத் தலைகீழாக வைத்து, வேகமான அச்சிலிருந்து ஓட்ட வேண்டும். டிஃபரன்ஷியலைக் கூட்டல் கருவியாகப் பயன்படுத்துவதுதான் கரோலின் கருவியிலும் உயிர்நாடி.

14. டி.என்.ஏ. கட்டினேன், ஏதோ தப்பா தெரியுது. என்னன்னு புரியலை.

பெரும்பாலும் முறுக்கின் திசை. நம் உடலில் உள்ள டி.என்.ஏ. வலப்புறத் திருகு, சாதாரண ஸ்குரூ ஆணியின் மரையைப் போல. இடப்புறமாக முறுக்கிய மாடல்களை அச்சிட்ட புத்தகங்களில்கூடப் பார்க்கலாம்.

அடுத்தது அளவு விகிதம். அகலம் 2 நானோமீட்டர். ஒரு முழுச் சுற்றுக்கு உயரம் ஏறக்குறைய 3.4 நானோமீட்டர், அதில் பத்தரைப் படிகள். பத்துக் குமிழ் அகலத்தில், அதாவது 80 மி.மீ.யில் கட்டினால் ஒரு சுற்று 136 மி.மீ. வரவேண்டும். ஒரு படிக்கு நான்கு பிளேட் உயரம் வைத்தால் 134.4. இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. படிக்குப் படி 34 டிகிரி திரும்ப வேண்டும். நடுவில் ஒற்றைக் குமிழ் உள்ள பிளேட்டால் இணைத்தால் எந்தக் கோணத்துக்கும் திருப்பலாம். டெக்னிக் அச்சில் கோர்க்காதீர்கள். அதன் குறுக்குவெட்டு கூட்டல் குறி வடிவம். 90 டிகிரிக்கு ஒருமுறைதான் பிடிக்கும்.

15. லெகோவுல நிஜக் காரே ஓட்டினாங்கன்னு ஒரு வீடியோ வந்துச்சே, அது உண்மையா?

உண்மை. 2018இல் லெகோ நிறுவனம் புகாட்டி ஷிரோன் காரை முழு அளவில் கட்டியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டெக்னிக் பாகங்கள், பொம்மைகளில் வரும் அதே சின்ன மோட்டார்கள் 2,304, எடை ஒன்றரை டன். பாகங்களைப் பசையால் ஒட்டவில்லை. மணிக்கு 20 கி.மீ.க்குச் சற்று அதிகமாக ஓடியது. மொத்தத் திறன் 5.3 குதிரைத்திறன்தான். ஆனால் சக்கரம், டயர் நிஜக் காருடையவை, உள்ளே எஃகுச் சட்டமும் உண்டு. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

16. நம்ம ஊர்ல கட்டத் தகுந்த மாதிரி ஏதாவது இருக்கா?

பாம்பன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட இரண்டு இறக்கைகள் உருண்டு மேலெழுந்தன. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே 17 மீட்டர் செங்குத்தாக உயரும். 1:100 ஸ்கேலில் அந்தத் துண்டு சுமார் 90 குமிழ் நீளம், 17 செ.மீ. உயர்வு. மேஜைக்குக் கச்சிதம்.

புதிய பாலத்தைக் கட்டினால் எதிர்எடையை விட்டுவிடாதீர்கள். தூக்கும் துண்டின் எடைக்குச் சமமாக இரு கோபுரத்திலும் பாதிப் பாதியாக எடை தொங்கினால் மோட்டார் உராய்வை மட்டும் வென்றால் போதும். எதிர்எடைப் பெட்டிக்குள் காசு போட்டுச் சரிசெய்யலாம். கையால் நகர்த்தி விட்டதும் எந்த உயரத்திலும் நிற்கிறதா, அதுதான் பரிசோதனை.

17. ஆறே கட்டையில 91 கோடி உருவம் கட்டலாம்னு படிச்சேன். நம்புற மாதிரி இல்லையே?

நம்பலாம். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டை இரண்டை 24 விதமாகச் சேர்க்கலாம். மூன்றை 1,560 விதமாக. ஆறை 91,51,03,765 விதமாக. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸ் கணினி வைத்து எண்ணிய எண் இது. அதற்கு முன் பல ஆண்டுகள் லெகோ நிறுவனம் சொல்லிவந்தது சுமார் 10.3 கோடி. அது கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்கு உயரத்துக்கு வைப்பதை மட்டும் எண்ணியது; ஒரே அடுக்கில் இரண்டு கட்டை பக்கத்தில் பக்கத்தில் வரும் உருவங்களை விட்டுவிட்டது. கட்டை எண்ணிக்கை கூடக்கூட எண்ணும் வேலை வெடித்துப் பெருகுகிறது, அதற்கு எளிய சூத்திரம் இல்லை.

18. என் மாடலை லெகோ நிறுவனமே பெட்டியா விக்குமா?

லெகோ ஐடியாஸ் என்ற திட்டத்தில் சமர்ப்பிக்கலாம். 10,000 பேர் ஆதரவு கிடைத்தால் நிறுவனம் பரிசீலிக்கும். தேர்வானால் நிகர விற்பனையில் ஒரு சதவீதம் வடிவமைத்தவருக்கு. 2014இல் வந்த கியூரியாசிட்டி செவ்வாய் ஊர்தி அப்படி வந்ததுதான். அதை வடிவமைத்த ஸ்டீபன் பக்பாஸ், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் நிஜ ஊர்தியிலேயே வேலை பார்த்த பொறியாளர். ஆறு சக்கரமும் கரடுமுரடான தரையில் ஒன்றாகப் பதியும் அந்தத் தாங்கமைப்பு சின்ன மாடலிலும் வேலை செய்வது அதனால்தான்.

19. கட்டையை வெச்சு நிஜமான விஞ்ஞானம் யாராவது பண்ணியிருக்காங்களா, இல்ல எல்லாம் காட்சிப் பொருள்தானா?

பண்ணியிருக்கிறார்கள். ஜெர்மனியில் கட்டையாலும் கைபேசி கேமரா லென்ஸாலும் மாணவர்களுக்கான நுண்ணோக்கி செய்து, கட்டும் முறையை 2021இல் வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2019இல் நான்கு கட்டைகளையும் ஒரு குட்டி மனித பொம்மையையும் இதற்கு மேல் குளிர முடியாது என்ற தனிச்சுழி வெப்பநிலைக்கு (மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ்) ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு பக்கத்தில் குளிர்வித்தார்கள். விளையாட்டாகத் தெரிந்தாலும் முடிவு பயனுள்ளது: அடுக்கிய கட்டைகள் அந்தக் குளிரில் மிகச் சிறந்த வெப்பக் காப்பாக இருந்தன. கட்டைகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு குறைவு என்பது ஒரு காரணம்.

எனக்குப் பிடித்தது அமெரிக்கத் தேசியத் தர ஆய்வகமான நிஸ்ட் விஞ்ஞானிகள் செய்து 2015இல் ஆய்விதழில் வெளியிட்ட தராசு. பிரிட்டனின் பிரையன் கிப்பிள் 1975இல் முன்வைத்த தத்துவம், லெகோ உடம்பு. காந்தப் புலத்தில் கம்பிச் சுருளை அசைத்து, அதன் வேகத்தையும் அதில் எழும் மின்னழுத்தத்தையும் அளப்பது முதல் வேலை. பிறகு அதே சுருளில் மின்னோட்டம் செலுத்தி, தட்டில் வைத்த எடையைச் சமன் செய்வது இரண்டாவது வேலை. இரண்டையும் சேர்த்தால் காந்தத்தின் வலிமையோ கம்பியின் நீளமோ கணக்கிலிருந்து விழுந்துவிடும். எடை, புவியீர்ப்பு, வேகம், மின்னழுத்தம், மின்னோட்டம் மட்டுமே மிஞ்சும். மின்னழுத்தத்தையும் மின்தடையையும் குவாண்டம் விளைவுகளோடு இணைக்க முடியும் என்பதால் அதிலிருந்து குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலி வரும். லெகோ தராசின் துல்லியம் சுமார் ஒரு சதவீதம்.

20. 2019இல பிளாங்க் மாறிலியையே நிலையா வெச்சுட்டாங்களே. அப்போ அந்தத் தராசு இப்ப எதை அளக்குது?

எடையை. முன்பு பாரிஸ் அருகே செவ்ரேயில் வைத்திருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் கிலோகிராம். எடை தெரிந்தது, மாறிலி தெரியாதது. 2019 மே 20 முதல் மாறிலிக்கு மாறாத மதிப்பு கொடுத்துவிட்டார்கள். தெரிந்ததும் தெரியாததும் இடம் மாறிவிட்டன. அதே கருவி, அதே இரண்டு வேலை, இப்போது கேள்வி “தட்டில் இருப்பது எத்தனை கிராம்?” என்பது. நிஸ்ட் குழு மாற்றத்தை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்ததால் தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே எடை காணும் கருவி என்றுதான் எழுதினார்கள்.

இதைக் கட்ட நினைப்பவர்கள் கேட்கும் அடுத்த சந்தேகம் புவியீர்ப்பு. கணக்கில் அதுவும் வருகிறது. ஊருக்கு ஊர் மாறும். நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83, வித்தியாசம் அரை சதவீதம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 9.78. பாடப்புத்தகத்தில் இருக்கும் 9.8 போட்டால் வரும் பிழை 0.2 சதவீதம்தான், ஒரு சதவீதத் துல்லியமுள்ள கருவியில் அது பெரிதாகத் தெரியாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு அளந்தீர்களா என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி.